மலையேறிய கொம்பி வான்

எங்கள் முற்றத்து மாமரத்தடியில் ஒரு வொக்ஸ்வாகன் கொம்பி வான் ஆண்டுக்கணக்காகத் துருவேறிக் கிடந்தது. 1967ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டது. முகப்புக் கண்ணாடி இரு கூறானது. அதனைத் திருத்தி மலைநாடு காணவேண்டும் என்பது எம் ஆவல். முதலில் வர்ணம் பூசுவோம் என்றான் தம்பி. "வர்ணம் மலையேறாது தம்பி, முதலில் பிறேக்கைப் பார்" என்றார் ஐயா.

இற்றுப்போன அடித்தகரத்தை வெட்டி நீக்கிப் புதுத்தகரம் பொருத்தினோம். பிறேக், பெற்றோல் குழாய்கள் அனைத்தையும் மாற்றினோம். என்ஜின் பின்புறத்தில் இருத்தலின், வெடித்த குழாயிலிருந்து பெற்றோல் கசிந்தால் அதன் சூட்டில் தீப்பற்றும். விரித்தால் படுக்கையாகும் இருக்கையையும், அதன் கீழ் மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஒரு பெட்டியையும் அமைத்தோம்.

கண்டியிலிருந்து, 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவை நோக்கிப் புறப்பட்டோம். இறம்பொடை அருவிக்கு எதிரே நிறுத்தி, காற்றினாலேயே குளிரும் அந்த என்ஜின் ஆறும்வரை தேநீர் காய்ச்சினோம். இரவு வானிலேயே உறங்கினோம்.

மறுநாள் இறங்குகையில் எங்கும் மூடுபனி. வளைவொன்றில் கொழுந்துக் கூடையுடன் ஓர் அம்மையார் திடீரென எதிர்ப்பட்டார். ஐயா காலை ஊன்றினார், வான் நின்றது. அம்மையார் புன்னகையோடு கடந்து சென்றார். தம்பி வாய் திறக்கவில்லை.

வர்ணம் இன்னும் பூசவில்லை. வருகிற தை மாதம் பூசுவோம்.