கப்பலில் கிடைத்த தோழி... திருவான்மியூரில் வளர்ந்த கலாக்ஷேத்ரா!

பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. ஆளுக்கொரு முதுகுப்பை, தண்ணீர் பாட்டில், ஒரு டப்பா புளியோதரை. இவ்வளவுதான் லக்கேஜ். காரும் வேண்டாம், பேக்கேஜ் டூரும் வேண்டாம். தென்சென்னையை ரயிலிலும் பஸ்ஸிலும் சுற்றிவர ஒரு முழுநாள் போதும். வழித்துணையாக ஒரு பழைய பயணியின் கதையும் இருக்கிறது. அவர், ருக்மிணி தேவி அருண்டேல்.

மாம்பலத்தில் இறங்கினால், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திணற வேண்டியதில்லை. 2023-ல் திறந்த ஆகாய நடைபாலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. முதுகுப்பை வாங்காதவர்கள் மட்டும் கீழே இறங்கலாம். இறங்கினால் மதியம் வரை மேலே வர முடியாது என்பது வேறு விஷயம்!

அங்கிருந்து பஸ் ஏறி மயிலாப்பூர். மாட வீதியில் காபியை முடித்துக்கொண்டு, கபாலீஸ்வரர் கோயில் குளத்தருகே பிள்ளைகளை உட்காரவைத்துக் கதையை ஆரம்பிக்கலாம்.

1920-ல் பதினாறு வயது ருக்மிணி, தன்னைவிட மிகவும் மூத்தவரான ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலைத் திருமணம் செய்துகொண்டபோது மெட்ராஸே கொதித்தது. பிரம்மஞான சபைப் பணிக்காக ஊர் ஊராகச் சுற்றிய தம்பதி, 1928-ல் பம்பாயில் ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் நடனத்தைப் பார்த்தார்கள். அதன்பின் ஆஸ்திரேலியா போகக் கப்பல் ஏறினால், அதே கப்பலில் பாவ்லோவா! நாள்கணக்கில் நீண்ட கடல் பயணத்தில் இருவரும் தோழிகளானார்கள். பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்கத் தொடங்கினார். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டதும் பாவ்லோவாதான்.

தேடிய நடனம் மெட்ராஸிலேயே இருந்தது. 1933-ல் மியூசிக் அகாடமியில் சதிர் ஆட்டத்தை முதன்முதலாகப் பார்த்தார். அன்றைக்கு 'நல்ல குடும்பத்துப் பெண்கள்' ஆடக் கூடாது என்று ஊர் ஒதுக்கிவைத்த ஆட்டம் அது. ருக்மிணிக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர், இந்தக் கபாலி கோயிலோடு தொடர்புடைய தேவதாசி மரபைச் சேர்ந்த மயிலாப்பூர் கௌரி அம்மாள். பாலசரஸ்வதிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்தவர். மாணவிகள் உலகப் புகழ் பெற்றார்கள். கௌரி அம்மாளோ கடைசிக் காலத்தில் வறுமையில் வாழ்ந்தார். மரபாக ஆடிவந்தவர்களின் கையிலிருந்து கலையை எடுத்து, 'தூய்மைப்படுத்தி' வேறு கைகளுக்கு மாற்றிவிட்டார் என்ற விமர்சனம் ருக்மிணி தேவி மீது இன்றும் உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். பெரிய பிள்ளைகள் நிச்சயம் கேள்வி கேட்பார்கள்.

அடுத்து அடையாறு. பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குள் குறிப்பிட்ட நேரத்தில்தான் விடுவார்கள். விசாரித்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். உள்ளே இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் விழுந்துவிட்டது. விழுதுகள் மட்டும் தனித்தனி மரங்களாக நிற்கின்றன. இந்த வளாகத்தில்தான் 1935-ல், சபையின் வைரவிழா மாநாட்டில், ருக்மிணி முதன்முதலாக மேடையேறினார். அடுத்த வருடமே கலாக்ஷேத்ரா பிறந்துவிட்டது.

அந்தப் பள்ளி 1962-ல் திருவான்மியூருக்குக் குடிபோனது. சுமார் நூறு ஏக்கர். மண்தரை, மரங்கள், அவற்றின் நடுவே குடில்களாக வகுப்பறைகள். தட்டுக்கழி தாளம் வெளியே வரை கேட்கும். நெசவுக்கும் கலம்காரிக்கும் தனிக் கூடமே இருக்கிறது. ஆட்டத்தில் ஆர்வமில்லாத பிள்ளைகூட தறி முன்னால் நின்றுவிடும். இங்கும் வகுப்பு நடக்கும் நாளா, அனுமதி எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. படம் எடுக்கும் முன்பும் கேளுங்கள்.

திரும்புவதற்குத் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள். கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாறு ஆறு வரும். ஜன்னல் சீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, எதிரே இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். திருமயிலை வர இன்னும் இரண்டு ஸ்டேஷன் இருக்கிறது.