பார்க்லேண்ட் மாணவர்களின் 23 நாட்கள்

2018 பிப்ரவரி 17. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஃபோர்ட் லாடர்டேல் நகர நீதிமன்றக் கட்டிடத்தின் முன்னால் பெருங்கூட்டம். மூன்று நாட்களுக்கு முன்பு தான் பக்கத்து ஊரான பார்க்லேண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எம்மா கொன்சாலஸ் பேச வந்தார். (பிற்பாடு எக்ஸ் கொன்சாலஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார்.) ஒட்ட வெட்டிய தலைமுடி, கையில் கத்தையாகக் காகிதம். இவ்வளவு காகிதமா என்று யாரும் பயந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அது என்ன என்பதையும் அவரே சொன்னார். அரசியல் பாடத்துக்கு வகுப்பில் எடுத்த நோட்ஸ்!

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் பேசிய பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. அவர் அழுதது பலருக்கு நினைவிருக்கும். கோபப்பட்டதும் நினைவிருக்கும். கையில் இருந்த நோட்ஸ் தான் மறந்து போயிருக்கும். ஆனால் அந்த மாணவர்கள் என்ன சாதித்தார்கள், எங்கே தோற்றார்கள் என்று புரிய வேண்டுமானால் அந்த நோட்ஸில் இருந்து தான் தொடங்க வேண்டும்.

பள்ளியின் பெயர் மார்ஜோரி ஸ்டோன்மேன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளி. அந்த அம்மையார் ஒரு பத்திரிகையாளர். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் வெறும் பாழ்நிலம் என்று எல்லோரும் நினைத்த காலத்தில், அதைக் காப்பாற்றச் சொல்லி 1947-ல் புத்தகம் எழுதியவர். அதற்கப்புறமும் பல வருடம் அரசாங்கத்தோடு சண்டை போட்டவர். 108 வயது வரை வாழ்ந்தார். அவர் பெயர் கொண்ட பள்ளியின் பிள்ளைகள் அரசாங்கத்தோடு சண்டைக்குப் போனது ஒரு பொருத்தம் தான்.

பிப்ரவரி 14, காதலர் தினம். அன்று காலையிலேயே தீயணைப்பு ஒத்திகை ஒன்று முடிந்திருந்தது. மதியம் இரண்டே கால் மணிக்கு மேல் மறுபடியும் தீ அலாரம் அடித்ததும் பலருக்குக் குழப்பம். பள்ளியின் முன்னாள் மாணவன் ஒருவன், 19 வயது, ஏ.ஆர்.15 ரகத் துப்பாக்கியோடு 12-ஆம் எண் கட்டிடத்துக்குள் நுழைந்திருந்தான். சுமார் ஆறு நிமிடம் தான். 14 மாணவர்கள், 3 பள்ளி ஊழியர்கள் இறந்தார்கள். இன்னும் 17 பேருக்குக் காயம். அதன் பிறகு அவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு, ஓடி வந்த மாணவர் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போய்விட்டான். ஒரு மணி நேரம் கழித்துத் தான் பிடிபட்டான்.

அமெரிக்காவில் இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1999-ல் கொலம்பைன். 2012-ல் சாண்டி ஹூக், அங்கே இறந்த 26 பேரில் 20 பேர் சின்னக் குழந்தைகள். ஒவ்வொரு முறையும் மெழுகுவர்த்தி, பிரார்த்தனை, டிவி விவாதம், பிறகு மறதி. சாண்டி ஹூக்குக்கு அப்புறம் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை இன்னும் கண்டிப்பாகச் சோதிக்க ஒரு மசோதா செனட்டுக்கு வந்தது. 2013 ஏப்ரலில் 54 பேர் ஆதரித்தார்கள். முட்டுக்கட்டையை மீறத் தேவையானது 60. அவ்வளவு தான், முடிந்தது கதை. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் செத்தே ஒன்றும் நகரவில்லை, இனி என்ன நகரப்போகிறது என்று பலர் கையை விரித்துவிட்டிருந்தார்கள்.

பார்க்லேண்ட் மாணவர்கள் மட்டும் எப்படி வேறு மாதிரி ஆனார்கள்? துக்கமும் கோபமும் எல்லா ஊரிலும் இருந்தது. இவர்களிடம் கூடுதலாக இருந்தது பயிற்சி. அந்த மாவட்டத்துப் பள்ளிகளில் பேச்சு, விவாதப் போட்டிகளுக்கு நல்ல ஏற்பாடு உண்டு. துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றியே அந்தக் கல்வியாண்டில் சிலர் விவாதத்துக்குத் தயாரித்திருந்தார்கள். கேமரன் காஸ்கி நாடகக் குழுவில் இருந்தவர். டேவிட் ஹாக் மாணவ நிருபர். துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஒரு சின்ன அறைக்குள் பதுங்கியிருந்தபோதே, கூட இருந்த மாணவர்களை போன் கேமராவில் பேட்டி எடுத்தவர். ஜாக்லின் கோரின் தன் வகுப்புக்கு மாணவர் தலைவி, பஸ் ஏற்பாடு செய்வது முதல் ஆள் சேர்ப்பது வரை பழக்கப்பட்டவர்.

எல்லாவற்றையும் விட இன்னொரு விஷயம். அரசியல் வகுப்பில் பிப்ரவரி 14 அன்றைய பாடமே அரசாங்கத்தின் மேல் செல்வாக்கு செலுத்தும் அமைப்புகளைப் பற்றித் தான். தேசியத் துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ. அதில் ஒரு உதாரணம். மதியம் அந்தப் பாடம் துப்பாக்கியோடு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

இப்போது அந்தப் பிள்ளைகள் முன்னால் இருந்த சட்டத்தைப் பாருங்கள். ஃபுளோரிடாவில் 18 வயதானவர் கடைக்குப் போய் ஏ.ஆர்.15 வாங்கலாம். அந்தக் கொலைகாரனும் 2017 பிப்ரவரியில் சட்டப்படி கடையில் தான் வாங்கினான். அதே கடையில் கைத்துப்பாக்கி வேண்டுமென்றால் 21 வயது ஆக வேண்டும். பீர் வாங்கவும் 21. கைத்துப்பாக்கிக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும், நீளத் துப்பாக்கிக்கு அது கிடையாது. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. ஆனால் மைக் முன்னால் நிற்கும்போது சட்டென்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு வாரத்துக்குள் கோரின் சுமார் 100 மாணவர்களைத் திரட்டி, பஸ்களில் மாநிலத் தலைநகர் டலஹாஸிக்குக் கூட்டிப்போனார். ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணம். அவர்கள் போய்ச் சேர்வதற்குள்ளேயே முதல் அடி விழுந்தது. பிப்ரவரி 20 அன்று, ஏ.ஆர்.15 போன்ற துப்பாக்கிகளைத் தடை செய்யும் மசோதாவை விவாதத்துக்காவது எடுக்கலாமா என்று மாநில கீழவையில் ஓட்டெடுப்பு. ஆதரவு 36, எதிர்ப்பு 71. முன்கூட்டியே வந்திருந்த சில மாணவர்கள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். கண்ணீர் விட்டார்கள்.

மறுநாள் டிவியில் பொதுக்கூட்டம். என்.ஆர்.ஏ.விடம் இனி காசு வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா என்று செனட்டர் மார்கோ ரூபியோவை நேருக்கு நேர் கேட்டார் காஸ்கி. ரூபியோ அந்த வாக்குறுதியைத் தரவில்லை. ஆனால் நீளத் துப்பாக்கி வாங்கும் வயதை உயர்த்த ஆதரவு தருவேன் என்று அதே மேடையில் சொல்ல வேண்டியதாயிற்று. பலர் முதல் பாதியை மட்டும் பார்த்துக் கைதட்டினார்கள். உண்மையில் முக்கியமானது இரண்டாவது பாதி. துப்பாக்கியையே தடை செய் என்ற கோரிக்கை 36-க்கு 71 என்று விழுந்தது. வயதை உயர்த்து என்ற கோரிக்கைக்கு ஆளும் கட்சிக்குள்ளேயே ஆள் கிடைத்தது.

மார்ச் 5 அன்று மாநில செனட்டில் 20-க்கு 18. மார்ச் 7 அன்று கீழவையில் 67-க்கு 50. மார்ச் 9 அன்று ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்துப் போட்டார். என்.ஆர்.ஏ.விடம் ஏ பிளஸ் மதிப்பெண் வாங்கியிருந்த அதே ரிக் ஸ்காட்! எண்ணிப் பார்த்தால் 23 நாட்கள். எந்தத் துப்பாக்கி வாங்கவும் 21 வயது, நீளத் துப்பாக்கிக்கும் மூன்று நாள் காத்திருப்பு. ஆபத்தானவர் என்று தெரிந்தால் போலீஸ் நீதிமன்றம் போய் அவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவிடலாம். பள்ளிப் பாதுகாப்புக்கும் மனநலத்துக்கும் சுமார் 40 கோடி டாலர். அன்றைக்கே என்.ஆர்.ஏ. வழக்குப் போட்டது.

இதை முழு வெற்றி என்று சொல்ல முடியாது. அதே சட்டத்தில் தான் பள்ளி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதிக்கும் திட்டமும் இருந்தது. போராடிய மாணவர்களில் பெரும்பாலோர் அதை வேண்டாம் என்றவர்கள். 2019-ல் இன்னொரு சட்டம் வந்து வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும் அதில் சேரலாம் என்றானது. கேட்டதில் பாதி கிடைத்தது, கேட்காததும் கூடவே வந்தது. சட்டமன்றம் என்றால் இப்படித் தான் போலிருக்கிறது.

எதிர்த் தரப்பில் எல்லோரும் காசுக்குப் பேசியவர்கள் என்று நினைத்தால் அதுவும் தப்பு. அதே பள்ளி மாணவர் கைல் கஷுவ் துப்பாக்கி உரிமையை ஆதரித்தார். கோளாறு துப்பாக்கியில் இல்லை, காப்பாற்ற வேண்டியவர்கள் காப்பாற்றாததில் என்பது அந்தத் தரப்பின் வாதம். அந்த வாதத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அவனைப் பற்றி ஜனவரி 5 அன்றே ஒருவர் எஃப்.பி.ஐ.க்கு போன் செய்து எச்சரித்திருந்தார், அந்தத் தகவல் மயாமி அலுவலகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. பள்ளியில் பணியில் இருந்த ஆயுதம் தாங்கிய போலீஸ்காரர் கட்டிடத்துக்குள் போகாமல் வெளியே நின்றார். (அவர் மேல் வழக்கு நடந்து, 2023-ல் விடுதலையானார்.) வகுப்பறைக் கதவுகளை வெளியே வந்து சாவி போட்டால் தான் பூட்ட முடியும். குண்டு படாத மூலை எது என்று பெரும்பாலான வகுப்பறைகளில் குறிக்கப்படவில்லை. மாநில விசாரணைக் குழுவே 2019-ல் இதையெல்லாம் எழுதியது. ஒழுங்காகப் பூட்டும் கதவுக்கு எந்தக் கட்சியும் கிடையாது. அதற்கும் 17 பேர் சாக வேண்டியிருந்தது என்பது தான் கொடுமை.

பாதுகாப்பு என்ற பெயரில் கேலிக்கூத்தும் நடந்தது. அந்த வருடம் ஏப்ரலில், எல்லோரும் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை தான் கொண்டு வர வேண்டும் என்று பள்ளியில் உத்தரவு. மாணவர்கள் சும்மா இருப்பார்களா? 1.05 டாலர் என்று எழுதிய விலைச்சீட்டுகளை மாட்டிக்கொண்டார்கள். ரூபியோவுக்கு என்.ஆர்.ஏ. மூலம் கிடைத்த ஆதரவுத் தொகையை ஃபுளோரிடா மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு 1.05 டாலர் வருகிறதாம். எங்கள் விலை இவ்வளவு தான் என்று அர்த்தம். இதிலும் பாருங்கள், கோஷத்துக்குப் பதில் ஒரு வகுத்தல் கணக்கு! அடுத்த கல்வியாண்டில் அந்தப் பை உத்தரவு கைவிடப்பட்டது.

இதற்கிடையே மார்ச் 14 அன்று நாடு முழுக்க மாணவர்கள் 17 நிமிடம் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். தண்டிப்போம் என்று மிரட்டிய பள்ளிகளும் உண்டு. அப்படித் தண்டனை வாங்கினாலும் சேர்க்கையில் பாதிக்காது என்று எம்.ஐ.டி., யேல் போன்ற பல்கலைக்கழகங்கள் அறிவித்தன. இந்த உரிமைக்கும் பழைய கதை உண்டு. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டி வந்ததற்காக 1965-ல் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவர் மேரி பெத் டிங்கர், வயது 13. பள்ளி வாசலோடு பேச்சுரிமை முடிந்துவிடாது என்று 1969-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மார்ச் 24 அன்று வாஷிங்டனில் பேரணி. கொன்சாலஸ் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு மௌனமாக நின்றார். மேடையில் அவர் இருந்தது மொத்தம் 6 நிமிடம் 20 விநாடி. அதே மேடையில் 11 வயது நயோமி வாட்லர், செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வராத கறுப்பினப் பெண்களுக்காகப் பேசினார். வசதியான ஊரில் நடந்ததால் தானே பார்க்லேண்டுக்கு இவ்வளவு கவனம் என்ற கேள்வி நியாயமானது. அந்த மாணவர்களே அதை ஒப்புக்கொண்டு, சிகாகோவில் தினம் தினம் துப்பாக்கிச் சத்தம் கேட்டு வளர்ந்த மாணவர்களை அழைத்துப் பேசினார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 2014-ல் 30 வயதுக்குட்பட்டவர்களில் 20 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், 2018-ல் அது 36 சதவீதம். எல்லாம் இவர்களால் என்று சொல்ல முடியாது, ஆனால் இவர்களுக்கும் பங்கு உண்டு. 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பிறகு, ஏறக்குறைய 30 வருடத்தில் முதல் முறையாக மத்தியில் ஒரு துப்பாக்கிச் சட்டம் நிறைவேறியது. பேரணியை நடத்திய இதே அமைப்பில் பணிபுரிந்த மேக்ஸ்வெல் ஃப்ராஸ்ட் அந்த வருடம் 25 வயதில் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். மறுபக்கம், 2023-ல் அதே ஃபுளோரிடா, மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கு உரிமமே வேண்டாம் என்று சட்டம் போட்டது. வயதை மறுபடி 18 ஆக்க மாநில கீழவை 2023, 2024, 2025 என மூன்று வருடமும் மசோதா நிறைவேற்றியது. மூன்று முறையும் செனட்டில் நின்று போனது. என்.ஆர்.ஏ. வழக்கில் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், 21 வயது விதி செல்லும் என்றது.

12-ஆம் எண் கட்டிடம் வழக்குக்காக அப்படியே பூட்டி வைக்கப்பட்டிருந்தது. 2024 ஜூனில் தான் இடிக்க ஆரம்பித்தார்கள். அது வரை பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டித் தான் வகுப்புக்குப் போனார்கள்.

ஒரு துயரத்துக்குப் பிறகு ஊர் உலகம் காது கொடுத்துக் கேட்பது இரண்டு, மூன்று வாரம். அதற்குள் என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்குத் தான் ஏதாவது கிடைக்கும். பார்க்லேண்ட் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது, ஏனென்றால் யாரோ ஒரு ஆசிரியர் அதைப் பாடமாக நடத்தியிருந்தார், அவர்கள் நோட்ஸ் எடுத்திருந்தார்கள். பரீட்சைக்கு மட்டும் படிக்கிற பாடம் என்று எதையும் அலட்சியமாக நினைக்காமல் இருப்பது நல்லது. அது எப்போது, எந்த மைக்குக்கு முன்னால் தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாது.