பச்சை அணைஞ்சா ஈயமும் போயிடுமா?

ஃபைனல் இயர் புராஜெக்ட் என்னன்னு திருவையாத்துல யாராவது கேட்டா, "டிவி ஸ்கிரீனுக்கு உதவுற வெளிச்சப் பொடி"ன்னு சொல்லிடுவேன். முழுப் பேரு ஹாலைடு பெரோவ்ஸ்கைட் நானோ படிகம். நாங்க செய்யறது அதுல ஒரு வகை, சீசியம் லெட் புரோமைடு.

செய்முறை நம்ப முடியாத அளவுக்குச் சுலபம். சீசியம் புரோமைடையும் லெட் புரோமைடையும் டிஎம்எஃப்-ல கரைக்கணும். படிகம் பெருசாகாம சுத்தி ஒட்டிக்கிறதுக்கு ஒலெயிக் ஆசிட், ஒலெயிலமீன் சேர்க்கணும். வேகமா சுழலுற டொலுயீன்ல அதைச் சொட்டுச் சொட்டா விட்டா, அங்க இந்த உப்பெல்லாம் கரையாதுங்கறதால நொடியில படிகமா திரண்டுடும். கடையில நோட்டைச் சோதிக்கிற யூவி டார்ச் அடிச்சா 520 நானோமீட்டர் பக்கத்துல பளிச்சுன்னு பச்சை. குளோரின் கூடக்கூட நீலம், அயோடின் கூடக்கூட சிவப்பு. செஞ்சு முடிச்ச படிகத்துலயே ஹாலைடை மாத்தி நிறத்தை நகர்த்தலாம்.

2015-ல சூரிச் ஈடிஎச்-ல கோவலென்கோ குழு இதை வெளியிட்டாங்க. அதே வருஷம் புனே ஐசர்-ல அங்ஷுமன் நாக் குழுவும் இதே படிகத்தோட ஒளியைப் பத்தி எழுதியிருக்காங்க. படிச்சப்போ கொஞ்சம் கெத்தாதான் இருந்துச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. காட்மியம் செலினைடு மாதிரி பழைய குவாண்டம் டாட்ல, மேற்பரப்புல இருக்கிற குறைகள் எலக்ட்ரானைப் பிடிச்சு வெச்சுக்கும், ஒளி வராது. வரப்போட அடியில நண்டு வளை இருந்தா வயல் தண்ணி ஒழுகிடுமே, அப்படி. அண்டை வெட்டிச் சேறு பூசுற மாதிரி, வேற பொருள்ல மேல ஒரு ஓடு வளர்த்தாதான் சரியாகும். பெரோவ்ஸ்கைட்லயும் குறை நிறைய உண்டு. ஆனா அந்த வளை பெரும்பாலும் வரப்போட தலைப்புலயே இருக்கு, தண்ணி நின்னுடுது. ஓடு இல்லாமலே, உள்வாங்குற 100 போட்டான்ல 90 வரைக்கும் ஒளியா திருப்பித் தரும்.

இதை அப்பாகிட்ட ஆர்வமா விளக்கினேன். வரப்பு வரைக்கும் தலையாட்டிட்டு, "அது தண்ணில விழுந்தா என்னடா ஆகும்?"னு கேட்டார்.

தண்ணி பட்டா படிகம் உடையும், பச்சை அணையும். டார்ச் அடிச்சு ஒண்ணும் தெரியலன்னா சிங்க்ல ஊத்திடலாம்னுதான் யாருக்கும் தோணும். ஆனா அணையறது ஒளி மட்டும்தான். லெட்-னு ஸ்டைலா சொன்னாலும் அது ஈயம். படிகத்தோட எடையில சுமார் 36 சதவீதம் அதுதான், உடைஞ்ச பிறகு தண்ணியோடயே கரைஞ்சு போகும். குடிநீர்ல ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுங்கறது இந்தியத் தர அளவு. கணக்குப் போட்டேன். 100 மில்லிகிராம் படிகம், அதாவது ஸ்பூன் நுனியில நிக்கிற பொடி, 3,500 லிட்டர் தண்ணியை அந்த எல்லைக்குக் கொண்டுபோகும். எங்க மொட்டை மாடி டேங்க் மாதிரி மூணரை டேங்க். அஞ்சு ஆத்தைப் பேர்லயே வெச்சிருக்கிற ஊர்க்காரனுக்கு இது வெறும் கணக்கு இல்ல.

ஈயத்துக்குப் பதிலா டின் போட்டா காத்துலயே ஆக்சிஜன் ஏறிக் கெட்டுடுது. சீசியம் காப்பர் அயோடைடு நல்லா நீலமா ஒளிருது, ஆனா நிறம் பரந்து வருது. டிவிக்குக் குறுகலா, சுத்தமா வரணும்.

அதனால இப்போதைக்கு லெட்தான். கழுவின தண்ணி, டிஷ்யூ, கிளவுஸ் எதுவும் சிங்க்குக்கோ குப்பைக்கோ போறதில்ல, லேபிள் ஒட்டித் தனியா சேர்க்கறோம். குவாண்டம் ஈல்டு டேபிள்ல இன்னொரு கட்டமும் வேணும்னு டீம்ல கேட்டேன்: ஒவ்வொரு பேட்ச்லயும் எவ்வளவு ஈயம் உள்ள போச்சு, எவ்வளவு கழிவுப் பாட்டிலுக்கு வந்துச்சுன்னு. ரெண்டு பேர் ஓகே சொன்னாங்க. ஒருத்தன், "இதுக்கெல்லாம் மார்க் தர மாட்டாங்கடா"ங்கறான். கட்டம் போட்டாச்சு, மூணு பேட்ச் நிரப்பியாச்சு.