மலைச்சாரலும் பல்கலைக் கழகமும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பிலும், இராசபாளையத்தை அடுத்த அய்யனார் கோயில் மலையடியிலும் பளியர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தேனெடுத்தலும் கிழங்ககழ்தலும் அவர்தம் பழந்தொழில்கள். அவர் பேசுவதோ தமிழ். குறிஞ்சித் திணையை ஏட்டிற் பயிலும் எம்மனோர்க்கு அம்மலைத் தமிழ் எட்டாதிருத்தல் வியப்பன்றோ!

இம்மக்களை நாடிக் கடல் கடந்து வந்தவர் ஒருவர் உளர். பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்கர் 1962 முதல் 1964 வரை தென் தமிழ்நாட்டு மலைச்சாரல்களில் பளியரோடு வைகினார். பின்னர் மிசௌரிப் பல்கலைக் கழகத்தில் மானிடவியற் பேராசிரியராய் விளங்கினார். ஒருவரையொருவர் தாழ்வாய் நடத்தாமையும், பூசல் எழுமாயின் எதிர்த்து நில்லாது விலகிச் செல்லுதலும் பளியர் அறமெனக் கண்டார். காட்டில் ஒரு நடையும் நாட்டாரிடை வேறொரு நடையுமாக அவர் வாழும் திறத்தை 2000-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். கடைத்தெருவில் வாய்மூடி ஒதுங்கி நிற்போரைப் பேதையரென எண்ணும் எம்மூர்ப் பெரியோர் சிலர் இதனை அறிதல் நலம்.

அந்நாட்டிலேயே மாறான செய்தியும் உண்டு. வடக்கு டக்கோட்டாப் பல்கலைக் கழகம் 1883-இல் தோன்றியது. டக்கோட்டா என்பது அந்நிலத்துப் பழங்குடியினர் தமக்கிட்டுக்கொண்ட பெயர். 'சூ' என்பதோ அயலார் இட்டு, பிரெஞ்சுக்காரர் வாயில் சிதைந்து வழங்கியது. அவ் அயற்பெயரையே 1930-இல் தன் விளையாட்டணிக்குச் சூட்டிக்கொண்டது அக்கழகம். கல்லூரி விளையாட்டுச் சங்கத்தார் 2005-இல் தடுத்தனர். இரு குடியினரின் இசைவைப் பெறுக என்று 2007-இல் உடன்பாடாயிற்று. ஸ்பிரிட் லேக் குடியினர் 2009-இல் இசைந்தனர். ஸ்டாண்டிங் ராக் குடியினரின் இசைவு கிட்டவில்லை. 2012-இல் பெயர் நீங்கியது. 2015-இல் பருந்தின் பெயர் வந்தது. எழுபத்தைந்து யாண்டுகள் கழிந்த பின்னரே கேட்கத் தோன்றியது போலும்!

எம் நாட்டில் பளியர் பெயரை எவரும் அணிக்குச் சூட்டவில்லை; அவர் சொற்களைத் தேடினாரும் மிகச் சிலரே. சென்னைப் பல்கலைக் கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியில் நூறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள. தேனடைக்கும் கிழங்கு வகைகளுக்கும் பளியர் வழங்கும் பெயர்களை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்பது எம் அவா.

வரும் கோடை விடுமுறையில் நண்பர் மூவருடன் செண்பகத்தோப்புக்குச் செல்லக் கருதியுள்ளோம். அம்மலை 2021 முதல் புலிகள் காப்பகமாதலின் வனத்துறையார்க்கு விண்ணப்பம் எழுதிவிட்டோம். குறிப்பேட்டை விரிக்கலாமா என்பதைப் பளியர் முதியோரிடம் நேரிற் கேட்டறிதல் வேண்டும். அவர் ஒவ்வாராயின், மலைநீர் பருகித் திரும்புவோம்.