பேர் சொல்லி ஜெபித்தவர்கள்

தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல், அவனுடைய விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முன்பே இருந்தது என்று நினைவுகூருகிறார். தகப்பன் கிரேக்கர் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். வீட்டுப் பெண்கள் இருவர்தான் அந்தப் பிள்ளையின் கையில் வேதத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த எனக்கு இது பழகிய கதை. 1778-ல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற பிராமணப் பெண் பாளையங்கோட்டையில் எழுப்பிய ஆலயம் 1785-ல் பிரதிஷ்டையானது. சனங்கள் இன்றும் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். 1799-ல் முதலூர் உண்டானது. கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்கென்று நிலம் வாங்கி அமைத்த ஊர் அது.

அந்த முதல் தலைமுறை உறவையும் வீட்டையும் இழந்து விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் எதையும் இழக்கவில்லை. கோயில் பதிவேட்டில் பேர் இருக்கிறது, குடும்பக் கல்லறை இருக்கிறது, கோயில் அசன விருந்துக்குப் போய் இறங்க ஊரில் வீடு இருக்கிறது. இத்தனையும் இருந்து, விசுவாசம் மட்டும் இல்லாமல் ஒரு பிள்ளை வளர்ந்துவிட முடியும். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கு விசுவாசத்தைத் தந்தவள் ஆச்சி. விளக்கு வைத்ததும் பாய் விரித்துவிடுவாள். வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டுகளைப் புத்தகம் பாராமல் பாடுவாள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்னரே அவை எங்களுக்கு மனப்பாடம். ஜெபத்தில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாகப் பேர் சொல்லி ஒப்புக்கொடுப்பாள். யாருக்குப் பரீட்சை, யாருக்குக் காய்ச்சல், பம்பாயில் மாமாவுக்கு வேலை அமையாதது எல்லாம் அதில் வரும். கோபித்துக்கொண்டு பேச்சை விட்ட சித்தப்பாவின் பேரும் தப்பாது. தூக்கம் கண்ணைச் சுற்றினாலும் என் பேர் வரும்வரை விழித்திருப்பேன். ஆண்டவரிடம் ஒருத்தி என்னைப் பற்றிப் பேசுகிறாள் என்பதுதான் நான் கற்ற முதல் வேதபாடம்.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று கலயத்தில் போடுவாள். அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி நிற்கவில்லை. ஏனென்று அவள் விளக்கியதும் இல்லை.

பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கொடுக்கும் வேலையை இன்று ஓய்வுநாள் பள்ளியிடம் விட்டுவிட்டோம். அங்கே கற்றுத்தருகிறவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் கையில் பிள்ளை இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோயிலில் சாட்சி சொல்லும் அப்பா பாகப்பிரிவினையில் தம்பியிடம் எப்படி நடந்துகொள்கிறார், வேலைக்கு வரும் அக்காவிடம் அம்மா எப்படிப் பேசுகிறாள் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்தைச் சுருக்கமாக வைத்திருக்கிறோம். பாட்டைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கிறார்கள். இப்போது மகள் கேட்கத் தொடங்கியிருக்கிறாள்: ஜெபம் பண்ணியும் சிலருக்கு ஏன் சுகமாவதில்லை? அவளை அதட்டுவதில்லை. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். அந்தக் கேள்வியையும் ஜெபத்தில் ஆண்டவரிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன், கேட்கிறாள்.