டிக்காஷன், சாக்லேட், க்ரீம்... கூடவே கொஞ்சூண்டு சரக்கு

காக்டெயில்னா நம்மாளுங்க மனசுல ரெண்டு படம்தான் ஓடும். ஒண்ணு, மொட்டை மாடியில பிளாஸ்டிக் டம்ளர்ல ரம்மும் கோலாவும். இன்னொண்ணு, பழைய தமிழ் சினிமாவுல கோட்டு போட்ட பணக்கார அப்பா கையில வெச்சிருக்கிற கலர் தண்ணி. இந்த ரெண்டுலயும் சேராத மூணாவது வகை ஒண்ணு இருக்கு. சாப்பாடு முடிஞ்சதும் ஐஸ்க்ரீமுக்குப் பதிலா சின்னக் கிளாஸ்ல குடிக்கிற, காபியும் சாக்லேட்டும் க்ரீமும் கலந்த ஐட்டம். கொஞ்ச நாளா வீட்ல நான் இதைத்தான் நோண்டிக்கிட்டு இருக்கேன். குடிப்பழக்கம் இல்லாதவங்க பாதியில ஓடிடாதீங்க, பின்பாதி உங்களுக்குத்தான்.

இந்த வகைக்கு அரிச்சுவடின்னா பிராந்தி அலெக்ஸாண்டர். பிராந்தி 30 மில்லி, க்ரீம் டி காக்காவோ 30 மில்லி, க்ரீம் 30 மில்லி. சமபங்கு, அதனால மறக்கவே மறக்காது. ஐஸ் போட்டுக் குலுக்கி வடிகட்டி, மேல ஜாதிக்காயைக் கொஞ்சம் துருவிப் போட்டா முடிஞ்சுது. (பேர்ல க்ரீம் இருந்தாலும் க்ரீம் டி காக்காவோவுல சொட்டுப் பால் கிடையாது. சர்க்கரை நிறைய போட்ட லிக்கர்னு அர்த்தம், அவ்வளவுதான்.) அடுத்தது ஒயிட் ரஷ்யன். வோட்கா 50, காபி லிக்கர் 20, மேல க்ரீம் 30. 1998ல வந்த 'தி பிக் லெபோவ்ஸ்கி' படத்துல ஹீரோ இதைத்தான் படம் முழுக்கக் குடிச்சுக்கிட்டே திரிவார்.

வெளிநாட்டு லிக்கர் பாட்டில் விலையைக் கேட்டா போதை அங்கேயே இறங்கிடும். காபி லிக்கரை வீட்லயே பண்ணிடலாம். ஃபில்டர்ல இறங்கின முதல் டிக்காஷன், நல்லா திக்கா 200 மில்லி. சூடா இருக்கும்போதே 200 கிராம் சர்க்கரையைப் போட்டுக் கரைச்சுட்டு, முழுசா ஆற விடணும். ஆறின பிறகுதான் 300 மில்லி டார்க் ரம். சூட்டுல ஊத்தினா ஆல்கஹால் ஆவியாகி சமையலறைக்குத்தான் மப்பு ஏறும். மொத்தம் 600 மில்லிக்குக் கொஞ்சம் மேல வரும். நம்ம ஊர் ரம் 42.8 சதவீதம், அதனால கலவை சுமார் 20 சதவீதத்துல நிக்கும். கடை காபி லிக்கர் பலதும் கிட்டத்தட்ட இந்த அளவுதான். பாட்டில்ல அடைச்சு ஒரு வாரம் சும்மா விட்டா வாசனை ஒண்ணாச் சேரும். சிக்கரி போட்ட தூளா, போடாத தூளான்னு ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். என் தீர்ப்பு: கொஞ்சம் சிக்கரி இருக்கட்டும். க்ரீம் சேர்ந்ததும் காபி காணாமப் போகாம இருக்க அந்தக் கசப்பு வேணும்.

சாக்லேட்ல ஒரு சூட்சுமம். சாக்லேட்டை உருக்கி ஐஸ் போட்ட கலவையில ஊத்தினா மணல் மணலா திரிஞ்சு போகும். அதுல இருக்கிற கொக்கோ வெண்ணெய் நம்ம உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே உருகும், குளிர் பட்டதும் திரும்ப இறுகிடும். வாயில போட்டா கரையுதே, அந்தச் சுகத்துக்கான அதே காரணம்தான் இங்க வில்லன். அதனால கொக்கோ பவுடர் 25 கிராம், சர்க்கரை 100 கிராம், தண்ணி 100 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. ரெண்டு நிமிஷம் கொதிக்க விட்டு சிரப்பா எடுத்து வெச்சுக்கோங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கிட்டு வேணும்கிறப்ப எடுத்துக்கலாம். தோசைக்குக் கூடத் தொட்டுக்கலாம், நான் பார்க்கல.

குலுக்குறதுக்கு ஷேக்கர் எல்லாம் வேண்டாம். இறுக்க மூடுற வாய் அகலமான எவர்சில்வர் பாட்டில், நிறைய ஐஸ், 15 செகண்ட். புளிப்பு மட்டும் பக்கத்துலயே வரக்கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு எதுவா இருந்தாலும் பால் புரதம் திரிஞ்சு உங்க டெசர்ட் பனீர் ஆயிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் க்ரீம் மிதக்கிற விஷயம். ஐரிஷ் காபி கதை தெரியும்ல? அயர்லாந்துல ஃபாய்ன்ஸ்னு ஒரு கடல் விமான நிலையம். அங்க சமையல்காரரா இருந்த ஜோ ஷெரிடன், 1943 குளிர்காலத்துல பயணிகளுக்குச் சூடு பிடிக்கட்டும்னு காபியில விஸ்கி ஊத்திக் குடுத்தார்னு சொல்வாங்க. ஸ்டான்டன் டெலப்ளேன்ங்கிற பத்திரிகைக்காரர் இந்தச் சேதியை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவர, 1952ல பியூனா விஸ்டா கஃபே முதலாளி ஜாக் கோப்லர் அதே மாதிரி பண்ணிப் பார்த்தார். ருசி வந்துடுச்சு, ஆனா க்ரீம் மட்டும் மூழ்கிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில பால்பண்ணை வெச்சிருந்த ஜார்ஜ் கிறிஸ்டோபர், பின்னாடி அந்த ஊருக்கே மேயர் ஆனவர், க்ரீமை 48 மணி நேரம் வெச்சிருந்து அளவா நுரைக்க அடிங்கன்னு வழி சொன்னாராம்.

ஏன் மூழ்குதுன்னா, விஸ்கி தண்ணியை விட லேசு. அது சேர்ந்ததும் காபியோட அடர்த்தி குறைஞ்சுடும், சூட்டுல இன்னும் கொஞ்சம் குறையும். க்ரீம் வந்து உக்கார இடமே இல்லாம கீழ போயிடும். ரெண்டு டீஸ்பூன் சர்க்கரை கரைச்சா அடர்த்தி ஏறும். க்ரீமை லேசா அடிச்சா உள்ள காத்து புகுந்து அதுவும் லேசாகும். ஆக, ஐரிஷ் காபியில சர்க்கரை ருசிக்கு மட்டும் இல்ல, அஸ்திவாரமே அதுதான். கடையில சின்ன டப்பால வர்ற ஃப்ரெஷ் க்ரீம்ல கொழுப்பு 25 சதவீதம். குலுக்குற ஐட்டத்துக்கு அது போதும், மிதக்க விடணும்னா 35 சதவீதத்துக்கு மேல உள்ள விப்பிங் க்ரீம் வாங்கணும்.

இப்ப கொஞ்சம் சீரியஸான மேட்டர். இந்த வகையோட அழகும் ஆபத்தும் ஒண்ணேதான், உள்ள சரக்கு இருக்குறதே நாக்குக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்ம ஊர் வோட்கா 50 மில்லியில சுத்த ஆல்கஹால் 21.4 மில்லி. காபி லிக்கர்ல 4 மில்லி. ஆக ஒரே ஒரு ஒயிட் ரஷ்யன்ல 25 மில்லிக்கு மேல. 330 மில்லி சின்ன பீர் பாட்டில், 5 சதவீதம்னா, 16.5 மில்லி. அதாவது ஒரு கிளாஸ் 'மில்க்‌ஷேக்' ஒண்ணரை பீருக்குச் சமம், காலி பண்ண 5 நிமிஷம் ஆகாது. ஜான் லெனனே இதுல மாட்டினவர்தான். 1974 மார்ச்ல லாஸ் ஏஞ்சல்ஸ் ட்ரூபடூர் கிளப்புல ஹாரி நில்சனோட சேர்ந்து பிராந்தி அலெக்ஸாண்டரா உள்ள தள்ளி, மேடையில இருந்தவங்களைக் கலாட்டா பண்ணி, ரெண்டு பேரையும் வெளிய தள்ளுற அளவுக்குப் போச்சு. அதனால எங்க வீட்ல வோட்கா 30 மில்லி அளவுக் கப்தான், கண்ணளவு கிடையாது. யார் கிளாஸ்ல என்ன இருக்குன்னு சொல்லிட்டுத்தான் கையில குடுப்பேன். நம்ம நாட்டுச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமைத் தாண்டினா வண்டி ஓட்டக்கூடாது. ஒயிட் ரஷ்யன் குடிச்சவனோட பைக் சாவி என் அலமாரியில இருக்கும்.

எங்க செட்ல ஒருத்தன் குடியை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. காரணம் அவனோடது, இங்க வேண்டாம். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை எல்லாரும் கூடுவோம். எங்க கையில எல்லாம் அலங்காரமா ஒரு கிளாஸ் இருக்கும், அவன் கையில மட்டும் லெமன் சோடா பாட்டில். முதல்ல பத்து மணிக்கே கிளம்ப ஆரம்பிச்சான். அப்புறம் 'ஆபீஸ்ல வேலைடா'ன்னு வர்றதையே குறைச்சுக்கிட்டான். பன்னெண்டு வருஷ சிநேகிதம் ஒரு சோடா பாட்டில்ல போய் முடியுறது எனக்கு ஒத்துக்கல.

மேல சொன்ன அடர்த்தி, கொழுப்பு, சிரப் எதுலயும் சரக்கு ஒரு கட்டாயமே இல்லைங்கிறதை கவனிச்சீங்களா? ஆனாலும் அவன்கிட்ட கேக்காம பண்றது தப்புன்னு பட்டுச்சு. போன் போட்டு, "மச்சி, பார்க்க இதே மாதிரி ஒண்ணு சரக்கு இல்லாம பண்ணித் தரேன், உனக்குப் பரவாயில்லையா?"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னான்: "ரம் எசன்ஸ் கிசன்ஸ்னு வாசனைக்குப் போடாத, எனக்கு அந்த வாசனையே வேண்டாம். அப்புறம் உங்க கிளாஸ்ல குடுக்காத. கை மாறிடும்டா."

அந்த ரெண்டாவது பாயின்ட் எனக்குத் தோணவே இல்ல. அவன் ரெண்டு வருஷமா ஒவ்வொரு இடத்துலயும் கிளாஸை மோந்து பார்த்துட்டுத்தான் வாயில வெக்கிறானாம்.

அவனுக்கான அளவு இது. திக் டிக்காஷன் 45 மில்லி, சாக்லேட் சிரப் 20 மில்லி, க்ரீம் 30 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. தொண்டையில சரக்கு குடுக்கிற அந்தச் சுருக்குன்ற எரிச்சலுக்குச் சுக்குப்பொடி. சுக்கு காபி குடிச்சு வளர்ந்த வாய்க்கு இது ஒண்ணும் புதுசு இல்லையே. வெனிலா எசன்ஸ்ல ஆல்கஹால் கலந்திருக்கலாம், அதனால அதுக்குப் பதிலா ஏலக்காய். தனி பாட்டில்ல, மத்ததுக்கெல்லாம் முன்னாடி, முதல்ல கலக்கிடுவேன். கிளாஸுக்குப் பதிலா எவர்சில்வர் டம்ளர். வீட்ல அந்த ஒரு டம்ளர்தான் எவர்சில்வர், மாற வாய்ப்பே இல்ல.

முதல் வாய் குடிச்சுட்டு, "சுக்கு பத்தலடா"ன்னான். அன்னிக்குக் கால் டீஸ்பூன் போட்டிருந்தேன். போன சனிக்கிழமை அரை டீஸ்பூன். ரெண்டாவது ரவுண்டுக்கு இன்னும் ரெண்டு பேர் 'அவனுக்குப் போட்டதையே எனக்கும் போடு'ன்னுட்டாங்க. எவர்சில்வர் டம்ளர் இன்னும் ரெண்டு வாங்கினா யாரோடது எதுன்னு குழம்பும். அதனால அவங்களுக்குப் பீங்கான் கப்.