சத்தம் போடாத சைலன்சர்

பரந்தன் முல்லைத்தீவு வீதியில், தைத்த உடுப்புகளைக் கட்டிக்கொண்டு கிழமையில் மூன்று நாள் நான் ஓடுகிற மோட்டார் சைக்கிள் ஹொண்டா சீ.டி. 200. ரோட்மாஸ்டர் என்றும் சொல்வார்கள். 1980களில் ஜப்பானில் செய்தது. 194 சீ.சீ., இரண்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். பொதி ஏற்றினாலும் மூச்சு வாங்காது. எங்கள் முந்திய வண்டி 2009இல் முள்ளிவாய்க்காலில் விடுபட்டுப் போனது. இது மீள்குடியேறிய பின் சீட்டுக் காசில் வாங்கிய பழசு. பெண்ணுக்கு ஸ்கூட்டிதான் வசதி என்று சொல்லாதவர்கள் இல்லை. நாலு மூட்டை உடுப்பை ஸ்கூட்டியில் கட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

போன மாரியோடு இரண்டு சைலன்சரும் அடிப்பக்கம் கறள் தின்று ஓட்டையாகிவிட்டன. இரைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அக்சிலேட்டரை விடும்போதெல்லாம் "பட், படார்" என்று ஒரு வெடி. ஒழுங்கைக்குள் திரும்பும்போது அது கட்டாயம் வரும். அம்மா முற்றத்தில் என்ன செய்துகொண்டிருந்தாலும் அப்படியே குந்திவிடுவா. வண்டிச் சத்தம்தான் என்று அவவுக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு குந்தும். மகன் போருக்குப் பிறகு பிறந்தவன், அவனுக்கு அது பகிடி. முன்வீட்டு அக்காவுக்கும் அம்மாவின் நிலைதான் என்று பிறகு அறிந்தேன். எனக்காக வாய் திறக்காமல் இருந்திருக்கிறா.

இந்த வெடி ஏன் வருகிறது என்று கராஜில் வேலை செய்யும் தம்பியிடம் கேட்டேன். அக்சிலேட்டரை விட்டதும் முழுதாக எரியாத பெற்றோல் ஆவி குழாய்க்குள் போகிறது. குழாய் இயந்திரத்தோடு சேரும் மூட்டில் ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். காற்றும் ஆவியும் சூடான குழாய்க்குள் சேர்ந்தால் பற்றும். அதுதான் வெடி. மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அங்கே ஒழுக்கு இருக்கிறது என்று பிடித்துக்கொள்ளலாம். என் வண்டியில் படிந்திருந்தது.

கறள் பிடித்ததற்குக் காரணம் நான் நினைத்தது போல மழை மட்டும் அல்ல. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடாகி எல்லாம் போய்விடும். சந்திக்குப் போய்த் திரும்பும் குட்டி ஓட்டங்களில் அது சைலன்சரின் அடியில் நீராகத் தங்கி, உள்ளிருந்து இரும்பைத் தின்னும். முல்லைத்தீவுக் கடற்காற்றின் உப்பு வெளியிலிருந்து தின்னும். பொருளாதாரத் தடைக் காலத்தில், 1990களில், சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளை எங்கள் வயதுக்காரர் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தப் புகையை விழுங்கிய சைலன்சர்களே கிடந்து உழைத்தன என்று நினைத்தால் ஆச்சரியம்தான்.

ஒரிஜினல் சைலன்சர் இப்போது தேடிப் பிடிக்க முடியாது. வேறு நிறுவனங்கள் செய்தவைதான் கடையில் உண்டு. கடைத்தம்பி எடுத்த எடுப்பில் கட்டையான ஒன்றைக் காட்டினான்.

"அக்கா, இதைப் போடுங்கோ. ரேஸ் பைக் மாதிரிச் சத்தம் வரும். எடுப்பா இருக்கும்."

"எனக்குச் சத்தம் வேண்டாம் தம்பி. சத்தமில்லாததை எடுங்கோ."

அவன் சிரித்தான். இப்படிக் கேட்டு வருகிறவர்கள் குறைவாம். அந்தக் கட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், மறுபக்கம் தெரிந்தது. உள்ளே தடுப்புத் தகடு ஒன்றும் இல்லை. சைலன்சருக்குள் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் இருப்பது புகையை மெதுவாக்கிச் சத்தத்தைக் கொல்லத்தான். அவை இல்லாவிட்டால் பெலன் கூடும் என்பது இளசுகளின் நம்பிக்கை. என் வண்டி போன்றதில் மெதுவாக ஓடும்போது இழுவை குறையத்தான் இடமுண்டு. காற்றும் பெற்றோலும் சேரும் அளவு மாறி இயந்திரம் கூடச் சூடாகவும் கூடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாக வெளுத்திருக்கும். மண்ணிறமாக இருந்தால்தான் எரிவு சரி. பொலிஸாரிடம் தண்டம் கட்டுவது வேறு கதை.

பழைய சைலன்சர் ஒன்றைக் கையோடு கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. பக்கத்தில் வைத்து நீளத்தையும் வளைவையும், பூட்டும் துளையையும் ஒப்பிட்டுத் தடுப்புள்ள நீட்டுச் சோடி ஒன்றை எடுத்தேன். ஒரு மாதத் தையற்கூலி போனது.

பூட்டியது வீட்டு முற்றத்தில், நானேதான். முதல்நாள் இரவே பழைய நட்டுகளுக்கு ஒயில் விட்டு ஊறவைத்தேன். அங்கே அவசரப்பட்டால் ஸ்ரட் முறியும். முறிந்தால் துளைத்து எடுக்கிற செலவு சைலன்சர் விலையையும் தாண்டும். காலையில், இயந்திரம் ஆறிக் கிடக்கும்போது கழற்றினேன். மூட்டுக்குள் இருக்கும் வளைய வாஷர் ஒருமுறை நசிந்தால் பிறகு காற்றை அடைக்காது, ஆகவே புதியதுதான் போட வேண்டும். அடுத்தது ஒழுங்கு. எல்லா நட்டையும் முதலில் கையால் தளர்வாகப் பூட்டி, குழாயைத் தன்பாட்டில் அமரவிட வேண்டும். பிறகு இயந்திரப் பக்கத்து இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பின்பக்கத்தை ஆகக் கடைசியில் இறுக்க வேண்டும். பின்னால் முதலில் இறுக்கினால் குழாய் முறுகி நின்று, நாளடைவில் வெடிக்கும். ஸ்ரார்ட் பண்ண முதல் கைரேகைகளைத் துணியால் துடைத்தேன். துடைக்காவிட்டால் பளபளப்பில் சுட்டு ஒட்டிவிடும். முதல் பத்து நிமிடம் புகைத்தது. பூசியிருந்த எண்ணெய் எரிகிற புகை அது, பயப்படத் தேவையில்லை.

சகோதரிகளே, களவுக்குப் பயந்து நாங்கள் பலர் இரவில் வண்டியை வீட்டுக்குள் ஏற்றிவைக்கிறோம். வைக்கலாம். ஆனால் உள்ளே நின்று ஸ்ரார்ட் பண்ணாதீர்கள். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை. தலையிடி, மயக்கம் என்று தொடங்கி, நித்திரையில் கிடக்கும் பிள்ளையின் உயிரையே எடுத்துவிடும். மூட்டு ஒழுகும் வண்டியில் பிள்ளையை முன்னால், டாங்கியில், இருத்திக்கொண்டு போவதும் நல்லதல்ல, அந்தப் புகை அவர்கள் முகத்துக்குத்தான் வரும்.

சைலன்சர் சூடு எங்கள் கால்களில் போட்ட தழும்புகளுக்குக் கணக்கில்லை. சுட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசையும் வேண்டாம், தேங்காயெண்ணெயும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கள். வாங்கும்போது மேலே சூட்டுத் தகடு உள்ள சைலன்சராகப் பார்த்தால் சேலைக்கும் நல்லது.

புதுச்சோடி பூட்டி முதன்முறை முல்லைத்தீவு போய்வந்து, அடுத்த நாள் காலை ஆறிய இயந்திரத்தில் நட்டுகளை மறுபடி பார்த்தேன். வலப்பக்கத்து ஒன்று அரைச் சுற்று இறுகியது. வாஷர் சூட்டில் அமர்ந்ததால் வரும் தளர்வு அது, எல்லா வண்டிக்கும் வரும். சைலன்சரின் அடியில் தண்ணீர் வடிய ஊசித்துளை ஒன்று இருக்கிறது. சேறு அடைத்தால் சைக்கிள் கம்பியால் குத்திவிடுகிறேன்.